படம் தெரிகிறது; பேச்சு கேட்கவில்லை!

டெலிவிஷனுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே எந்த ஒயர் போடுவது?

"டடக்... டடக்... டடக்...!"

காலையில் கண் விழிக்கும்போது இந்தச் சத்தம். இரவில் கண் மூடும்போதும் இந்தச் சத்தம்.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஆட்டையாம்பட்டி. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பெயரைச் சொன்னால் கைமுறுக்குதான் நினைவுக்கு வரும். ஊருக்குள் இருப்பவர்களுக்கோ முறுக்கும் உண்டு, தறியும் உண்டு. விசைத்தறி ஓடுகிற வீதியில், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதானாலும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

அப்படிப்பட்ட வீதியில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தீபாவளி போனஸ் பணத்தில் புதிய டெலிவிஷன் வாங்கியிருக்கிறார்கள். சுவரில் மாட்டியாகிவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். படம் கண்ணாடி போலத் தெரிகிறது. கதாநாயகி வாயைத் திறந்து ஏதோ பேசுகிறாள். கண்ணீர் வடிக்கிறாள். ஆனால்...

"ஏனுங்க, படம் நல்லாத்தான் தெரியுது. என்ன பேசறாங்கன்னு ஒண்ணும் காதுல விழலீங்களே!" என்கிறாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வை கண்ணு" என்கிறார் தாத்தா. 40 வருஷம் தறி ஓட்டியவர் அவர்.

பேரன் சத்தத்தைக் கூட்டுகிறான். இரைச்சல் கூடுகிறது. பேச்சு மட்டும் விளங்கவில்லை.

கடைசியில் குடும்பமே கூடி யோசித்து ஒரு முடிவுக்கு வருகிறது. டெலிவிஷனுக்குத் தனியாக ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கிவிடுவது! அதையும் வாங்கியாகிவிட்டது. இப்போதுதான் உண்மையான தகராறு ஆரம்பமாகிறது.

இரண்டையும் இணைக்க ஒரு ஒயர் வேண்டும். கடைக்காரர் நான்கு விதமான ஒயர்களை எடுத்துப் போடுகிறார். ஒன்றின் விலை சில நூறு ரூபாய். இன்னொன்று தங்க முலாம் பூசிப் பளபளக்கிறது, விலை ஆயிரக்கணக்கில்!

எதை வாங்குவது? வாரக் கூலியில் குடித்தனம் நடத்துகிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல. தவறான ஒயரை வாங்கினால் பணமும் போச்சு; பேச்சும் கேட்காது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் பல வீடுகளின் கதை.

பெட்டி மெலிந்தது, குரலும் மெலிந்தது

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. அந்த நாளில் வசதி படைத்தவர்கள் வீட்டில்தான் பெட்டி இருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். 2006-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, இலவச வண்ண டெலிவிஷன் வழங்கும் திட்டத்தை தமிழக அரசு தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி குடிசைக்குள்ளும் வந்தது.

அந்தப் பெட்டிகள் எல்லாம் குண்டுப் பெட்டிகள். பின்பக்கம் தொந்தி போட்டிருக்கும். உள்ளே இடம் தாராளம். ஒலிபெருக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு, பார்ப்பவர்களை நோக்கிப் பேசியது.

இன்றைய டெலிவிஷன் சிலேட்டுப் பலகை போல மெல்லியது. பெரிய ஒலிபெருக்கி வைக்க அதில் இடம் ஏது? சின்னஞ்சிறு ஒலிபெருக்கியைக் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ ஒளித்து வைக்கிறார்கள். குரல் தரையில் மோதி, சுவரில் மோதி, சுற்றி வளைத்து நம் காதுக்கு வந்து சேருகிறது. அதற்குள் தறிச் சத்தம் அதை விழுங்கிவிடுகிறது.

வசனத்தின் அருமை சேலத்து ஜனங்களுக்குத் தெரியாதது அல்ல. 1935-ம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ கம்பெனியைத் தொடங்கியது சேலத்தில்தான். மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950-ல் அங்கிருந்துதான் வந்தது. பின்னாளில் அவர் முதல்-மந்திரியாக இருந்தபோதுதான் வண்ண டெலிவிஷன் வீடுகளுக்கு வந்தது. அந்தப் படத்தை இன்று டெலிவிஷனில் போட்டால், வசனம் காதில் விழாமல் பார்த்து என்ன பயன்?

ஆகவே தனி ஒலிபெருக்கி தேவைதான். அதற்கு ஏற்ற ஒயர் எது என்று பார்ப்போம்.

முதலில் துளையைப் பாருங்கள்!

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். டெலிவிஷனின் பின்பக்கத்தைப் பாருங்கள். பிறகு ஒலிபெருக்கியின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டிலும் என்னென்ன துளைகள் இருக்கின்றன? பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெட்டிகளிலும் பொதுவாக உள்ள துளை எதுவோ, அதற்குரிய ஒயர்தான் உங்களுக்கு ஏற்ற ஒயர். விலை உயர்ந்தது எது என்பது கேள்வியே அல்ல.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ‘இன்’ அல்லது ‘அவுட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ‘இன்’ என்றால் உள்ளே வரும் வாசல். ‘அவுட்’ என்றால் வெளியே போகும் வாசல். டெலிவிஷனிலிருந்து ஒலி வெளியே போக வேண்டும். ஒலிபெருக்கிக்குள் நுழைய வேண்டும். எனவே டெலிவிஷனில் ‘அவுட்’, ஒலிபெருக்கியில் ‘இன்’. இதை மாற்றிச் செருகிவிட்டு, "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு!

இனி ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிவப்பும் வெள்ளையும்

இருப்பதிலேயே பழைய ஆசாமி இவர்தான். ஒரு முனையில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு தலைகள். மறுமுனையிலும் அப்படியே. சில ஒயர்களில் மஞ்சள் தலை ஒன்றும் சேர்ந்திருக்கும். கடையில் ‘ஏ.வி. ஒயர்’ என்றும் ‘ஆர்.சி.ஏ. ஒயர்’ என்றும் சொல்வார்கள்.

ஆர்.சி.ஏ. என்பது ‘ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா’ என்ற கம்பெனியின் சுருக்கப் பெயர். இசைத்தட்டுக் கருவியை ரேடியோவுடன் இணைப்பதற்காக 1930-களில் அந்தக் கம்பெனி இந்தத் தலையை உருவாக்கியது. கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆகியும் அது ஓய்வு பெறவில்லை!

சிவப்பு வலது பக்க ஒலி. வெள்ளை இடது பக்க ஒலி. மஞ்சள் படத்துக்கு உரியது. ஒலிக்கு அது தேவை இல்லை. சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் செருகிவிட்டால் ஆபத்து ஒன்றும் இல்லை. வலது பக்கம் வரவேண்டிய ஒலி இடது பக்கம் வரும், அவ்வளவுதான்.

நல்ல ஆர்.சி.ஏ. ஒயரின் மேல்தோலை உரித்துப் பார்த்தால் தறிக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். உள்ளே மெல்லிய செம்பு இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வைத்திருக்கிறார்கள். நூலுக்குப் பதிலாகச் செம்பில் ஒரு நெசவு! நடுவில் ஓடுகிற ஒலிக் கம்பிக்கு இந்தப் பின்னல்தான் போர்வை. வீட்டில் ஓடும் மற்ற மின்சாரக் கம்பிகளின் தொல்லை உள்ளே நுழையாமல் அது காக்கிறது. மலிவான ஒயரில் இந்தப் பின்னல் மெலிந்திருக்கும்; சிலவற்றில் பெயருக்கு நாலு இழைதான் இருக்கும். அதனால் இந்த ஒயரை மட்டும் ரொம்ப மட்டமாக வாங்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. புதிய டெலிவிஷன்கள் பலவற்றில் சிவப்பு-வெள்ளைத் துளை ‘இன்’ ஆக மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து ஒலி வெளியே வராது. எழுத்தைப் படித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஒல்லிக் குச்சி

செல்போனில் காதுக்கருவி மாட்டும் ஒல்லிக் குச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கனம் 3.5 மில்லிமீட்டர்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. கல்யாண வீட்டு மைக் செட்டில் செருகுகிறார்களே, அந்தத் தடித்த குச்சிதான். கனம் 6.35 மில்லிமீட்டர். 19-ம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், யார் யாருடன் பேச வேண்டுமோ அவர்களை இணைப்பதற்காக அதைச் செருகி எடுத்தார்கள். பிறகு டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தபோது குச்சியும் இளைத்துவிட்டது.

டெலிவிஷனில் காதுக்கருவித் துளை இருந்தால், ஒரு முனையில் ஒல்லிக் குச்சியும் மறுமுனையில் சிவப்பு-வெள்ளையும் உள்ள ஒயரை வாங்கி, பழைய ஒலிபெருக்கியுடன் இணைத்துவிடலாம். செலவு குறைவு. பெரும்பாலான பெட்டிகளில் டெலிவிஷன் ரிமோட்டாலேயே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

குறையும் உண்டு. குச்சி லேசாக நழுவினால் ஒரு பக்க ஒலி போய்விடும். குழந்தைகள் ஒயரைப் பிடித்து இழுத்தால் துளையே தளர்ந்துவிடும்.

வெளிச்சத்தில் போகும் பாட்டு

மூன்றாவது ஒயர் அதிசயமானது. அதில் மின்சாரம் ஓடுவது இல்லை. வெளிச்சம் ஓடுகிறது!

இதன் பெயர் ‘ஆப்டிகல்’ ஒயர். டெலிவிஷன் தன்னிடம் உள்ள ஒலியைச் சிவப்பு வெளிச்சமாக மாற்றி, கண் சிமிட்டுவது போல அணைத்து அணைத்து ஏற்றுகிறது. விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை! அந்தச் சிமிட்டலை ஒலிபெருக்கி படித்துத் திரும்பவும் பாட்டாக மாற்றுகிறது. ஜப்பானின் டோஷிபா கம்பெனி 1983-ம் ஆண்டில் இந்த ஒயரைக் கொண்டுவந்தது.

வளைந்த இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பும் வித்தையில் ஓர் இந்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. பஞ்சாப் மாநிலம் மோகாவில் 1926-ல் பிறந்த நரிந்தர் சிங் கபானிதான் அவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றையின் வழியாக ஒரு படத்தையே அனுப்பிக் காட்டினார். 1954-ல் அந்த ஆராய்ச்சி வெளியானது. அவர் 2020-ல் காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. இன்று நம் வீட்டு ஆப்டிகல் ஒயரில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை. தத்துவம் அதேதான்.

இந்த ஒயரின் பெரிய லாபம் ஒன்று உண்டு. உள்ளே மின்சாரம் இல்லாததால், பக்கத்து மின்கம்பியின் இரைச்சல் இதில் ஏறவே ஏறாது.

நஷ்டம் என்ன? முறுக்குப் பிழிவது போல இதை வளைக்கக் கூடாது. இறுக்கி மடித்தால் உள்ளிழை ஒடிந்துவிடும். நீளமும் அளவோடு இருக்க வேண்டும். 5 மீட்டருக்குள் இருப்பது நல்லது. சத்தத்தைக் கூட்டக் குறைக்கப் பெரும்பாலும் ஒலிபெருக்கியின் ரிமோட்டைத்தான் தேட வேண்டும்.

புது ஒயரின் இரு முனைகளிலும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு, "ஒலியே வரவில்லை" என்று தவிப்பவர்கள் அனேகம் பேர்!

திரும்பிப் போகும் பஸ்

நான்காவது ஒயர் ‘எச்.டி.எம்.ஐ.’. தட்டையான வாய் கொண்டது. செட்-டாப் பாக்ஸிலிருந்து டெலிவிஷனுக்குப் படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கொண்டுவருகிற ஒயர் இதுதான். 2002-ம் ஆண்டில் சோனி, பிலிப்ஸ், டோஷிபா உள்ளிட்ட 7 கம்பெனிகள் சேர்ந்து இதை உருவாக்கின. அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் 19 சிறு தகடுகள் வரிசையாக இருக்கும்.

முதலில் இது ஒருவழிப் பாதையாக இருந்தது. செய்தி டெலிவிஷனுக்குள் போகும், வெளியே வராது. 2009-ம் ஆண்டில் ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டிக்கு வந்த பஸ், காலியாகத் திரும்பாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது போல, ஒலி மட்டும் அதே ஒயரில் திரும்பிப் போகலாம் என்று வழி செய்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ‘ஏ.ஆர்.சி.’ என்று பெயர். 2017-ல் இதைவிட அகலமான பாதை ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு ‘ஈ-ஏ.ஆர்.சி.’ என்று பெயர்.

டெலிவிஷனில் 2 அல்லது 3 எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும், பெரும்பாலும் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கும். ஒயரை அந்தத் துளையில்தான் செருக வேண்டும். ஒலிபெருக்கியிலும் ‘ஏ.ஆர்.சி.’ துளை இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயன் இல்லை.

ஏ.ஆர்.சி.க்கு வீட்டில் உள்ள சாதாரண எச்.டி.எம்.ஐ. ஒயரே போதும். ஈ-ஏ.ஆர்.சி. இருந்தால் மட்டும், ‘ஈதர்நெட்’ வசதி உள்ள ஒயரோ, ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்ற சான்றுச் சீட்டு ஒட்டிய ஒயரோ கேட்டு வாங்குங்கள்.

இந்த ஒயர் போட்டால் ஒரே ரிமோட்டில் வேலை முடிந்துவிடும். டெலிவிஷனைப் போட்டால் ஒலிபெருக்கியும் கூடவே விழித்துக்கொள்ளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய சௌகரியம். ஆகவே இரண்டு பெட்டியிலும் ‘ஏ.ஆர்.சி.’ இருந்தால் யோசிக்க வேண்டாம். அதையே போடுங்கள். அது இல்லாவிட்டால் ஆப்டிகல். அதுவும் இல்லாவிட்டால் சிவப்பு-வெள்ளை அல்லது ஒல்லிக் குச்சி.

பெட்டி புதிது, ஒலிபெருக்கி பழசு

பல வீடுகளில் இருக்கிற தொல்லை இதுதான். ஒலிபெருக்கி பத்துப் பதினைந்து வருஷத்துப் பழசு. அதில் சிவப்பு-வெள்ளைத் துளை மட்டுமே உண்டு. டெலிவிஷனோ புதிது. அதில் ஆப்டிகலும் எச்.டி.எம்.ஐ.யும் மட்டுமே உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

அதற்காக நல்ல ஒலிபெருக்கியைத் தூக்கி எறிய வேண்டாம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்தால் போதும். தீப்பெட்டி அளவுக்குச் சற்றுப் பெரிதான மாற்றுப் பெட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது. ‘டி.ஏ.சி.’ என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் ஆப்டிகல் ஒயர் நுழையும். மறுபக்கம் சிவப்பு-வெள்ளை வெளியே வரும்.

இதைப் போட்டதும் டெலிவிஷனின் ஒலி அமைப்புப் பட்டியலுக்குப் போய், ‘பி.சி.எம்.’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு முறையில் வரும் ஒலி இந்தச் சின்னப் பெட்டிக்குப் புரியாது. புரியாவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும்.

தங்க முலாம் தேவையா?

கடையில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஆப்டிகலிலும் எச்.டி.எம்.ஐ.யிலும் ஒலி எண்களாகப் போகிறது. எல்லாம் ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே எண்கள். பக்கத்து வீட்டுக்கு 10 முறுக்கு கொடுத்தனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டில் அனுப்பினாலும் 10 முறுக்குதான். வெள்ளித் தட்டில் அனுப்பினாலும் 10 முறுக்குதான். வெள்ளித் தட்டில் போனதால் முறுக்கு ருசியாகிவிடுமா?

ஒன்றும் பூஜ்யமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஒலி முழுமையாக வரும். சேராவிட்டால் விட்டு விட்டு வரும். அல்லது வராமலே போகும். "சுமாரான ஒயரில் சுமாரான பாட்டு, விலை உயர்ந்த ஒயரில் இனிமையான பாட்டு" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

தங்க முலாம் எதற்கு? துரு ஏறாமல் இருப்பதற்கு. சிவப்பு-வெள்ளை ஒயரில் அதற்குக் கொஞ்சம் பயன் உண்டு. ஆப்டிகல் ஒயரின் தலையில் தங்கம் பூசுவது வெறும் அலங்காரம். வெளிச்சத்துக்குத் தங்கம் எதற்கு?

ஒயர் வாங்கும் முன் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தறி வீட்டில் நூலுக்கா பஞ்சம்? டெலிவிஷனிலிருந்து ஒலிபெருக்கி வரை, ஒயர் போகிற வழியிலேயே நூல் பிடியுங்கள். அதோடு ஒரு முழம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நீளம் போதும். மிச்ச ஒயர் சுருண்டு கிடந்தால் எலிக்கும் குழந்தைக்கும்தான் விளையாட்டு.

"ம்ம்ம்..." என்று ஒரு முனகல்

சில வீடுகளில் எல்லாம் சரியாக மாட்டிய பிறகும், "ம்ம்ம்..." என்று வண்டு முரல்வது போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலை அடிக்கிறது. அந்த அலை ஒலிக் கம்பியில் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

டெலிவிஷனும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால், இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். பிறகு கேபிள் டெலிவிஷன் ஒயரைக் கொஞ்ச நேரம் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால், அது அந்த வழியாகத்தான் வருகிறது. ஆப்டிகல் ஒயருக்கு மாறினால் இரண்டு பெட்டிக்கும் நடுவே மின்சாரத் தொடர்பே அறுந்துவிடும். முனகலும் போய்விடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பது. முனகலுக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்கலாமா?

ஒயர் சரி, ஒலி இல்லை என்றால் பதற வேண்டாம். டெலிவிஷனில் ‘சவுண்டு அவுட்புட்’ என்ற இடத்துக்குப் போய், உள் ஒலிபெருக்கியிலிருந்து வெளி ஒலிபெருக்கிக்கு மாற்றுங்கள். ஒலிபெருக்கியிலும் எந்தத் துளையில் ஒயர் இருக்கிறதோ, அதைத் தேர்ந்தெடுங்கள். அநேகமாகக் கோளாறு இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும்.

காது பத்திரம்!

இத்தனை பாடும் எதற்காக? சத்தம் அதிகமாக வேண்டும் என்பதற்காக அல்ல. பேச்சு தெளிவாக வேண்டும் என்பதற்காக.

8 மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதி. விசைத்தறி ஓடும் கூடத்தில் சத்தம் இந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்!

வருஷக்கணக்கில் தறிச் சத்தத்தில் நின்றவர்களின் காது ஒரு விசித்திரமான முறையில் பழுதாகிறது. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் முதலில் போய்விடுகின்றன. தடித்த ஒலிகள் நின்றுவிடுகின்றன. அதனால் ஒருவர் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது. ‘ச’வும் ‘த’வும் ‘ப’வும் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டில் உள்ளவர்கள், "தாத்தா வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார்" என்று கோபித்துக்கொள்வார்கள். பாவம், அவர் என்ன செய்வார்?

அவருக்குச் சத்தத்தைக் கூட்டினால் போதாது. கூட்டக் கூட்டத் தடித்த ஒலிதான் மேலும் தடிக்கும். மற்றவர்கள் காதும் கெடும். முகத்தை நோக்கிப் பேசும் ஒலிபெருக்கியும், இரைச்சல் கலக்காத ஒயரும் இருந்தால், குறைந்த சத்தத்திலேயே வார்த்தை பிரிந்து கேட்கும். பல டெலிவிஷன்களில் பேச்சை மட்டும் எடுப்பாகக் காட்டும் அமைப்பும் உண்டு.

ஆனால் ஒரு ஒயர் போன காதைத் திருப்பித் தந்துவிடாது. அதற்குக் காது டாக்டரிடம்தான் போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. இன்றைக்குத் தறி ஓட்டுகிறவர்கள் காதில் அடைப்பான் போட்டுக்கொள்வது நல்லது. வெறும் பஞ்சு போதாது. நாளைக்கு அவர்கள் டெலிவிஷனில் வசனம் கேட்க வேண்டுமே!

சரி, அந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

பேரன் டெலிவிஷனின் பின்னால் தலையை நுழைத்துப் பார்க்கிறான். துளைக்குப் பக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிறான். "ஏ... ஆர்... சி...! அம்மா, இருக்குதும்மா!"

ஒலிபெருக்கியிலும் அதே மூன்று எழுத்துக்கள். செட்-டாப் பாக்ஸோடு வந்து, உபயோகமில்லாமல் பரணில் கிடந்த எச்.டி.எம்.ஐ. ஒயரை அம்மா தூசி தட்டி எடுத்துக் கொடுக்கிறாள். மாட்டியாகிவிட்டது. செலவு ஒரு காசு இல்லை!

கதாநாயகி மறுபடியும் வாயைத் திறக்கிறாள். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் கணீரென்று வருகிறது. கூடத்தில் மூச்சுப் பேச்சு இல்லை. வெளியே தறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தாத்தா கையை உயர்த்துகிறார். பேரன் ரிமோட்டை எடுக்கிறான்.

"கூட்டணுமா தாத்தா?"

"வேண்டாங் கண்ணு. கொஞ்சம் குறைச்சு வை. அந்தப் புள்ளை என்ன சொல்லுதுன்னு நல்லாக் கேக்குது!"